சாக்ஸ் வெள்ளியும் பூஞ்சை இழையும்: ஒரு சிறு வரலாறு

ஆறாம் ஆண்டு அறிவியலில் நுண்ணுயிர் பாடம் வரும்போது பூஞ்சைக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் உதாரணங்கள் மூன்றுதான்: ரொட்டியில் பூக்கும் பூசணம், தெம்பே, பெனிசிலின். நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் கலந்துவிட்ட நானோ துகள்களைப் பூஞ்சையைக் கொண்டே பிடிக்கலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது? அந்தக் கதையில் வரும் பலர் தண்ணீரைச் சுத்தம் செய்யப் புறப்பட்டவர்களே இல்லை. அதுதான் இதில் வேடிக்கை.

தொடக்கம் எலுமிச்சையில். ஒரு காலத்தில் சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்துதான் கிடைத்தது. இத்தாலிதான் பெரிய சந்தை. 1917-இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுத்தால் அது சிட்ரிக் அமிலம் தரும் என்று காட்டினார். 1919-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் அந்த முறையில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்று டின் பானங்களில் நாக்கைச் சுண்டும் புளிப்பு பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் அமிலத்தை வடித்த பிறகு பூஞ்சைச் சக்கை மிஞ்சுமே, அதை என்ன செய்வது? இப்படிப்பட்ட ஆலைக் கழிவுகள்தான் பின்னால் ஆய்வாளர்களின் கண்ணில் பட்டன.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மரியோஸ் செசோஸ், போகுமில் வோலெஸ்கி ஆகிய இருவரும் செத்த பூஞ்சையைத் தூளாக்கி யுரேனியமும் தோரியமும் கரைந்த நீரில் போட்டுப் பார்த்தார்கள். 1981-இல் வெளிவந்த முடிவு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ரைசோபஸ் அர்ரைசஸ் என்ற பூஞ்சை ஒரு கிராமுக்கு 180 மில்லிகிராமுக்கும் மேலான யுரேனியத்தைப் பிடித்துக்கொண்டது. அதே சோதனையில் வைத்துப் பார்த்த கிளர்வூட்டிய கரியும் அயனிப் பரிமாற்றப் பிசினும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. நம்ம தெம்பேவை வெள்ளை வெளேரென்று கட்டிப்போடும் ரைசோபஸும் இதே பேரினம்தான். மாணவர்களுக்குச் சொல்லும்போது தெம்பே துண்டு ஒன்றைப் பிட்டுக் காட்டினால் போதும். இழை, வலை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ரகசியம் பூஞ்சையின் செல் சுவரில் இருக்கிறது. நண்டு, இறால் ஓட்டில் உள்ள கைட்டின்தான் இங்கும். அதில் உள்ள நைட்ரஜன் உலோக அயனியை இழுத்துப் பிடிக்கிறது. உயிர் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. இதைச் சில பாடக்குறிப்புகள் ‘உறிஞ்சுதல்’ என்று எழுதிவிடுகின்றன. பஞ்சு தண்ணீரை உள்ளே இழுப்பது உறிஞ்சுதல். இங்கே பெரும்பகுதி வேலை மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதுதான், அதாவது பரப்புக் கவர்தல்.

இதுவரை சொன்னது கரைந்த அயனியைப் பற்றி. நானோ துகள் வேறு. அது கரையவில்லை, நீரில் மிதக்கும் திடப்பொருள். ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதாக இருப்பதால் தானாக அடியில் படியாது. எல்லாத் துகளிலும் ஒரே வகை மின்னூட்டம் இருந்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், சேர்ந்து கட்டியாகாது. சாதாரண மணல் வடிகட்டியின் இடைவெளிகள் இவற்றுக்கு நெடுஞ்சாலை மாதிரி.

இனி இந்தியாவின் புனே நகரத்துக்கு வருவோம். 2001-இல் அங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, வெர்டிசிலியம் என்ற பூஞ்சையை வெள்ளி அயனிகள் உள்ள கரைசலில் வைத்தது. பூஞ்சை பழுப்பாக மாறியது. நுண்ணோக்கியில் பார்த்தால் செல் சுவருக்கு அடியில் சராசரி 25 நானோமீட்டர் அளவில் வெள்ளித் துகள்கள்! வெள்ளி நுண்ணுயிரைக் கொல்லும் என்பார்கள். இந்தப் பூஞ்சையோ அதற்குப் பிறகும் பெருகிக்கொண்டிருந்தது. அவர்களுடைய நோக்கம் நச்சு வேதிப்பொருள் இல்லாமல் நானோ துகள் தயாரிப்பது. ஆனால் அந்தச் சோதனையை மறுபக்கத்திலிருந்து வாசித்துப் பாருங்கள்: கரைசலில் இருந்த வெள்ளி அங்கிருந்து வெளியேறி இழைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஏற்கெனவே துகளாக இருப்பதையும் பூஞ்சை பிடிக்குமா? 2003-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழு, தங்க நானோ துகள் கலந்த நீரில் அதே பழைய ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜரை வளர்த்தது. இழை வளர வளர அதன் மேல் தங்கம் போர்த்திக்கொண்டது. 2008-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்களும் பூஞ்சைகளை இதே போல உன்னத உலோகத் துகள்களுக்கு நடுவே வளர்த்து, கிடைத்த இழையை வினையூக்கியாகப் பயன்படுத்தினார்கள். இவர்களும் கேட்டது ‘என்ன செய்யலாம்?’ என்பதைத்தான், ‘எதைச் சுத்தம் செய்யலாம்?’ என்பதை அல்ல.

சுத்தம் பற்றிய கேள்வியை எழுப்பியது, சொன்னால் சிரிப்பீர்கள், சாக்ஸ். கால் நாற்றம் வராமல் இருக்க நானோ வெள்ளி சேர்த்த சாக்ஸ் அப்போது கடைக்கு வந்திருந்தது. அதே 2008-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டிராய் பென், பால் வெஸ்டர்ஹாஃப் இருவரும் ஆறு வகை சாக்ஸை வாங்கி, வடிநீரில் திரும்பத் திரும்ப அலசினார்கள். சிலவற்றிலிருந்து வெள்ளி தாராளமாகவே வெளியேறியது. வேறு சிலவற்றில் அவ்வளவாக அசையவே இல்லை. வெளியேறியது அயனியாகவும் இருந்தது, துகளாகவும் இருந்தது. வகுப்பில் இதைச் சொன்னால், “டீச்சர், அப்போ அந்த வெள்ளி எங்க போகும்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

அது கழிவுநீர் நிலையத்துக்குப் போகும். அங்குள்ள நுண்ணுயிர்க் கசடு பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்றே அந்த இருவரும் கணித்தார்கள். சிக்கல் அதற்கு அடுத்த படியில்: வெள்ளி ஏறிய கசடை வயலுக்கு உரமாகப் போட முடியாமல் போகலாம் என்றும் எழுதினார்கள். காற்றில்லாத கசடில் வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதும் இதனால்தான். அந்த வடிவில் நச்சு குறையும். ஆனால் வெள்ளி காணாமல் போவதில்லை.

பூஞ்சைக்கும் இதே கணக்குதான். இணையத்தில் சில காணொளிகள் பூஞ்சை நானோ மாசைத் ‘தின்றுவிடும்’ என்கின்றன. அப்படிச் சொல்லாதீர்கள். வெள்ளி ஒரு தனிமம். அதைத் தின்று செரிக்க எந்த உயிராலும் முடியாது. பூஞ்சை அதை ஓரிடத்தில் சேர்க்கிறது, அவ்வளவே. உருண்டையாக வளரும் பூஞ்சையைச் சல்லடையால் அள்ளிவிடலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் அதை வளர்க்கச் சர்க்கரை வேண்டும், நிலையத்தில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியா அதை மிஞ்சிவிடக் கூடாது, நீண்டு போன இழை குழாயை அடைக்கக் கூடாது. சோதனைக் குடுவையில் இவை ஒன்றும் தெரியாது. டிரெஸ்டனில் பிடிபட்ட உன்னத உலோகத்துக்கு விலை இருந்தது, அதனால் இழைக்கும் ஒரு வேலை கிடைத்தது. சாக்ஸிலிருந்து வந்த வெள்ளியோ மிக மிகக் கொஞ்சம், கூடவே சோப்பும் சாயமும் அழுக்கும். அள்ளிய உருண்டையை எரிப்பதா, புதைப்பதா, உருக்கி வெள்ளியை மீட்பதா என்பதை உயர்நிலை மாணவர்களிடம் ஒரு விவாதமாகக் கொடுக்கலாம்; ஒவ்வொரு குழுவும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.