ஒரு பாய், இரண்டு பேர்



புது வீடு கட்டும் உங்களில் பலர், "பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை, டீச்சர்" என்று சொல்கிறீர்கள். கேட்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் தனியாகப் படுப்பது மனிதருக்குப் புதிய பழக்கம் என்பதை வரலாற்று டீச்சராகச் சொல்ல வேண்டும்.

1776 செப்டம்பரில் அமெரிக்கத் தலைவர்கள் பெஞ்சமின் பிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் பிரிட்டிஷ் தளபதி ஹோவோடு பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். வழியில் நியூ பிரன்சுவிக் விடுதியில் இருவருக்கும் சேர்த்து ஒரே கட்டில்தான் கிடைத்தது. இரவுக் காற்றுக்குப் பயந்து ஆடம்ஸ் ஜன்னலைச் சாத்தினார். பிராங்க்ளின் திறக்கச் சொல்லி, சளி எப்படிப் பிடிக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். கேட்டுக்கொண்டே ஆடம்ஸ் தூங்கிவிட்டார். இதை ஆடம்ஸே எழுதி வைத்திருக்கிறார். 1837இல் ஸ்பிரிங்பீல்டுக்கு வந்த இளம் வக்கீல் ஆபிரகாம் லிங்கனிடம் கட்டில், மெத்தை வாங்கக் காசில்லை. கடைக்காரர் ஜோஷுவா ஸ்பீட் தன் கட்டிலில் இடம் கொடுத்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அப்படியே போனது. அந்தக் காலத்தில் இதை யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

நம் வீடுகளில் கட்டில் ஏது? பாய்தான். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பத்தமடைப் பாய்க்குப் பேர் போனது. கோரையை ஊறவைத்து, கீறி, பருத்தி நூலைப் பாவாக வைத்து நெய்வார்கள். காலையில் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால், படுக்கையறையே சாப்பாட்டு அறை ஆகிவிடும்.

அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒரு கோரைப்பாய், ஒரு போர்வை. பெரியவர்கள் முன்னால் பெண்பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாத வீடு. விளக்கை அணைத்த பிறகுதான் எங்களுக்குப் பேச்சே வரும். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருந்ததால் 1962இல் எட்டாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு இருட்டில் எனக்கு அவள்தான் டீச்சர். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் தொடையில் ஒரு கிள்ளு விழும்.

1967இல் நானும் எட்டு முடித்தேன். என்னையும் நிறுத்தப் பேச்சு நடந்தது. அன்று ராத்திரி பாயில் குப்புறப் படுத்து அழுதேன். "அழாத. அப்பாட்ட நான் பேசுதேன்" என்றாள். மறுநாள் அப்பா முன்னால் நின்று, "வீட்டு வேலை முழுசும் நான் பாத்துக்கிடுதேன். அவளப் பள்ளிக்கூடம் அனுப்புங்க" என்றாள். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சரி என்றார்.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். மணமக்கள் பேர் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய் வாங்கினார்கள். கோரைப்பாய் முழுவதும் எனக்கே ஆனது. ஆனாலும் பல மாதம் சுவர் ஓரமாக, என் பாதியில் மட்டுமே படுத்தேன்.

நான் டீச்சரானது, நீங்கள் என் மாணவர்களானது எல்லாம் அந்தப் பாயில் முடிவானது. அரசர்கள் போட்ட ஒப்பந்தங்கள் கல்வெட்டில் இருக்கின்றன. அக்கா தங்கைகள் இருட்டில் செய்துகொண்ட ஏற்பாடுகளை எழுதி வைத்தவர் யாருமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்குத் தனி அறை தாராளமாகக் கொடுங்கள். லீவு நாளிலாவது கூடத்தில் ஒரே பாய் விரித்து, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள். அவர்கள் பேசட்டும்.

உங்கள் பக்கத்தில் படுத்தது யார்? அண்ணனா, தங்கையா? கீழே எழுதுங்கள். அதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்