தேனும் விளையாட்டும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையிலே மார்த்தாண்டம் என்னும் ஊரைக் கடக்கிறோம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி இராஜ்யத்து மண். 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர், ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராமப் புனரமைப்பு நிலையம் நடத்தினார். அவர் பரப்பிய தேனீ வளர்ப்பை நாம் அறிவோம். மார்த்தாண்டம் தேனைச் சுவையாதார் யார்? ஆயினும் பொருளோடு உடல், அறிவு, ஆன்மா, சமூக வாழ்வு ஆகியவற்றையும் அவர் திட்டம் ஒருங்கே தழுவியது. விளையாட்டுக்கும் அதில் இடமிருந்தது. இதை நாம் மறந்துவிடுகிறோம். ஆலயப் பிரவேசத்திற்கே 1936 வரை காத்திருந்த நாட்டில், பல சாதிப் பிள்ளைகளை ஒரே மைதானத்தில் ஆடச் செய்வது தேனீயைப் பழக்குவதினும் அரிதாயிருந்திருக்கும். கிராமத்தார் தமக்குத் தாமே உதவிக்கொள்ள, அருகிருந்து ஆலோசனை கூறுவதே அவர் முறை. ஆகவே ஆட்டம் நடத்தவும் உள்ளூர் இளைஞரே பழக வேண்டியிருந்தது.