கூரையும் மனையும்

ஐப்பசி பிறந்து கீழ்வானம் கருக்கத் தொடங்கினால், திருவாரூர்ப் பக்கத்து மாந்தரின் கண்கள் முதலில் தத்தம் வீட்டுக் கூரையை நாடும். கமலாலயத் திருக்குளத்திற்கு அணித்தே இருந்த நாட்டு ஓட்டு வீட்டில் யான் வளர்ந்தேன். முதல் மழை பெய்யும் இரவில் என் பாட்டனார் கைவிளக்கு ஏந்தி அறைதோறும் நடப்பார். ஒழுகும் இடத்திற்கு நேர் கீழே ஒரு செம்பை வைப்பார். எந்த ஓடு நகர்ந்தது என்பதை, விடிந்ததும் அச்செம்பைக் கொண்டே அறிவார். எங்கள் வயலில் உழைத்தவர்களின் குடிசைகளிலோ, செம்பு வைக்க ஓர் இடம் எனத் தேர்ந்தெடுக்க இயலாது. கூரை முழுவதுமே ஒழுகிற்று. ஒரே ஊர், ஒரே மழை. கூரை மட்டும் ஏன் வேறாயிற்று? மாணவ நண்பர்களே, இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையைக் காண்பதே இன்றைய என் பேச்சின் நோக்கமாகும்.

கூரை அமைத்தலைத் தமிழர் 'வேய்தல்' என்றனர். ஓலையால் மூடினும் வேய்தலே. பொன்னால் மூடினும் வேய்தலே. பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், திருவாரூர் வீதிவிடங்கர் கோயில் கல்லால் எடுக்கப்பெற்றுப் பொன் வேயப்பெற்றது. இதனையும், அனுக்கியார் பரவை நங்கையாரின் தொண்டினையும் அக்கோயிற் கல்வெட்டால் அறிகின்றோம். கோயில் பொன் வேய்ந்து ஒளிர, சூழ்ந்திருந்த எளிய உழவர் இல்லங்கள் புல்லும் ஓலையும் வேய்ந்தே நின்றிருக்கும்.

காவிரி கொணர்ந்த வண்டல் நிலத்தில் கல்மலை இல்லை, பெருங்காடும் இல்லை. கிடைப்பன களிமண்ணும், மூங்கிலும், தென்னையும், பனையும், வைக்கோலுமே. இவற்றைக் கொண்டே நம் முன்னோர் மழையை எதிர்த்தனர். நீர் தங்காது வழியுமாறு கூரையை நன்கு சாய்த்தனர். தென்னோலையைக் குளத்து நீரில் ஊறவைத்துக் கீற்றாக முடைந்து, கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கட்டினர். இறவாரத்தைத் தாழ இறக்கினர். அதனால் மண்சுவர் சாரலில் கரையாது நின்றது. அடுப்புப் புகை கூரையினூடே கசிந்து ஈரத்தை உலர்த்திற்று, பூச்சிகளையும் விலக்கிற்று. இவற்றிலெல்லாம் அறிவுக்குக் குறைவில்லை. ஆயினும் கீற்றின் ஆயுள் மிகக் குறுகியது. மழைக்காலம் வருமுன் மீண்டும் மீண்டும் கூரையைப் புதுப்பித்தாக வேண்டும்.

அவ்வண்டல் மண்ணே சூளையிற் புகுந்தால் செங்கல்லும் ஓடும் ஆகுமே. எல்லாரும் ஏன் அவற்றைக் கொள்ளவில்லை என்று நீங்கள் வினவலாம். பொருளின்மை ஒரு காரணம். உரிமையின்மை மற்றொரு காரணம். சோழர் செப்பேடுகளில், ஊரைத் தானமாக வழங்குங்கால், சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு சிறப்புரிமையாகக் குறிக்கப்படுவதுண்டு. கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று, கம்மாளர் தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ள அரசன் உரிமை அளித்ததைத் தெரிவிக்கின்றது. ஊரார்க்குக் கைத்திறனால் உதவியவர், தம் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! அளிக்கப்பெற்ற உரிமை, அதற்கு முன் மறுக்கப்பட்டிருந்தது என்பதன்றோ இதன் பொருள்?

காலம் மாறிற்று. 1865-ஆம் ஆண்டில் பாசல் மிஷன் சங்கத்தார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அவ்வோடுகள் நாளடைவில் தஞ்சைத் தரணிக்கும் வந்தன. மிராசுதாரர் இல்லங்களில் அவை ஏறின; பண்ணையாள் குடிசைகளில் ஏறவில்லை. பண்ணையாள் குடியிருந்த மனை பெரும்பாலும் மிராசுதாரருடையது. வேலையை இழப்பவர் மனையையும் இழக்க நேரும். தமக்கு உரிமையில்லாத மண்ணில் பெயர்த்தெடுக்க முடியாத சுவரை எவர் எழுப்புவார்? அந்நிலையில் மண்ணும் கீற்றுமே அவர்க்கு வாய்த்தவை.

1952-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் நினைவில் நிறுத்தத்தக்கது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் காக்கும் தஞ்சாவூர்ச் சட்டம் அவ்வாண்டில் பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தருகே கடும்புயல் ஒன்று கரையேறிற்று. தொழிலுக்கு ஒரு காவல் கிடைத்தது, கூரைக்குக் கிடைக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில், கூலிப் பூசல் முற்றிய கீழ்வெண்மணியில், ஒரு சிறு குடிசையினுள் புகலடைந்திருந்த 44 பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். ஓலைக் கூரையின் கீழ் வாழ்ந்தவர்க்கு மழையும் காற்றும் மட்டுமே பகையல்ல என்பதை அவ்விரவு காட்டிற்று. பின்னர் 1971-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடியிருப்புச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த உழவர்க்கும் உழவுத் தொழிலாளர்க்கும் அம்மனையையே உடைமையாக்க வழிவகுத்தது. இந்நாட்டுக் கூரைகளின் வரலாற்றில், பொன் வேய்ந்த நாளினும் இச்சட்டம் பிறந்த நாளையே யான் பெரிதென மதிக்கின்றேன்.

உரிமை வந்தவுடன் ஓடும் காரையும் வந்துவிடவில்லை. 1977 நவம்பர் 12-இல் நாகப்பட்டினத்திற்குத் தெற்கே புயல் கரை கடந்தபோதும் குடிசைகளே முதலில் வீழ்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று விடியுமுன், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கஜாப் புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிற்று. சில நாள் கழித்துத் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்றேன். ஓட்டு வீடுகளில் இறவாரத்து ஓடுகளும் முகட்டு ஓடுகளும் பறந்திருந்தன. குடிசைகளிலோ கூரை முழுவதும் போய், மண்சுவர் மழையில் கரைந்து கிடந்தது. புயற்காற்று கூரையின்மேல் விரைந்து பாயுங்கால் அங்கே காற்றழுத்தம் குறைகின்றது. உள்ளிருக்கும் காற்று கூரையை மேலே தூக்குகின்றது. ஆகவே கூரையை விட்டத்தோடும், விட்டத்தைச் சுவரோடும், சுவரை அடித்தளத்தோடும் பிணைத்தல் வேண்டும்.

சாய்ந்த தென்னையினருகே கீற்று முடைந்துகொண்டிருந்த மூதாட்டியார் ஒருவரிடம், "அம்மா, இனி என் செய்வீர்கள்?" என்று வினவினேன். "கூரை போனால் என்ன, ஐயா? மனை எங்கள் பேரில் இருக்கிறது. மறுபடியும் போட்டுக்கொள்வோம்" என்றார் அவர். கூரைக்கும் அடித்தளம் மனையுரிமையே என்பதை எந்த நூலினும் தெளிவாக அவர் எனக்கு உணர்த்தினார்.

குடிசைகளை மாற்றிக் காரை வீடுகள் அமைக்கும் அரசுத் திட்டங்கள் 2010-இலும் 2024-இலும் வகுக்கப்பெற்றன. ஆயினும் பணி இன்னும் முற்றவில்லை. மாணவ நண்பர்களே, அடுத்த ஐப்பசியில் உங்கள் ஊர்க் கூரைகளை நோக்குங்கள். எது ஓலை, எது ஓடு என்று எண்ணுவதோடு நில்லாது, அது நிற்கும் மண் யாருடையது என்றும் கேளுங்கள். என் பாட்டனார் செம்பு வைத்து ஒழுகலைக் கண்டதைப் போல, நாமும் ஊரில் ஒழுகும் இடத்தை முதலில் அறிதல் வேண்டும். அறிந்த பின்னரே அதனை அடைத்தல் கூடும்.