சராசரி மறைத்த திக்கல்

பார்ட்ஸ் பார்ட்ஸாக வாங்கி நாங்களே பூட்டின கணினி. திரை மூலையில 60 எண்டு நிக்குது. ஆனாலும் கேம் திக்குது. "60 வருதுதானே, பிறகென்ன?" எண்டு கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

முன்பு கிராபிக்ஸ் கார்ட் விமர்சனங்களில் பெரும்பாலானவை, செக்கனுக்கு எத்தனை ஃபிரேம் என்ற சராசரியைத்தான் சொல்லின. 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிசெக்கனில் வந்து, ஒன்று மட்டும் 410 எடுத்தாலும் சராசரி 60தான். கண்ணுக்கோ படம் உறைஞ்சு நிக்கும்.

2011 செப்டெம்பரில் அமெரிக்காவின் 'டெக் ரிப்போர்ட்' தளத்தில் ஸ்கொட் வாசன், ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைத் தனித்தனியாக அளந்து எழுதினார். 2013இல் என்விடியா, திரைக்குப் போகும் படத்தையே பதிந்து அளக்கும் 'எஃப்கெட்' முறையை வெளியிட்டது. இரண்டு ஏஎம்டி கார்ட் பூட்டிய கணினிகளில், கணக்கில் முழுசாக வந்த சில ஃபிரேம்கள் திரையில் மெல்லிய கீற்றாகவே வந்தது அம்பலமானது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஏஎம்டி, ஃபிரேம்களைச் சீராக அனுப்பும் டிரைவரைக் கொண்டுவந்தது.

ஆகவே கேம் திக்கினால் நாங்கள் முதலில் ஃபிரேம் நேர வரைபடத்தைப் போட்டுப் பார்ப்பம். புது இடத்துக்குப் போகேக்க மட்டும் கோடு துள்ளி, திரும்பப் போனால் சீராக இருந்தால், பெரும்பாலும் ஷேடர் தொகுப்புத்தான் காரணம். எந்நேரமும் துள்ளினால் நினைவகம், வெப்பம், டிரைவர் எண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திக்குது எண்டு சொன்ன ஆட்களை நம்புறதுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டிருக்கு. சராசரியை நீட்டி ஆரும் எங்கட வாயை மூடவந்தால், இதை நினைவில வைச்சிருப்பம்.