ஆசிரியரின் பாஸ்போர்ட்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வெவ்வேறு நாடுகளிலிருந்து, சிலர் இரவுப் பணி முடித்த கையோடும் சிலர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பும் இணைந்திருக்கிறீர்கள். நன்றி.

இன்று ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன். மேற்கு ஆசியாவில் பதற்றம் என்று செய்தி வரும்போதெல்லாம், பி.எட். முடித்த பிள்ளைகள் யாராவது கேட்பார்கள். "அக்கா, அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போகலாமா? பயப்பட வேண்டியிருக்குமா?" நான் அரசியல் நிபுணர் இல்லை. நர்சிங் டிப்ளமோ படித்து, வளைகுடாவில் சில வருடங்களும் இப்போது அயர்லாந்திலும் வேலை பார்ப்பவள். அதனால் ஆரூடம் சொல்லாமல், ஏற்கெனவே நடந்து முடிந்ததைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு ஆபத்து வந்தபோது அது எந்த வழியாக வந்தது?

முதலில் பெய்ரூட். அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகம் 1866இல் அமெரிக்க மிஷனரிகளால் தொடங்கப்பட்டது. அப்போது அதன் பெயர் சிரியன் புராட்டஸ்டண்ட் கல்லூரி. 1920இல்தான் இன்றைய பெயர் வந்தது. 1905இல் அங்கே நர்சிங் பள்ளியும் தொடங்கினார்கள். அதன் குறிக்கோள் வாசகம் யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டது, நிறைவான வாழ்வைப் பற்றிய வசனம். முஸ்லிம், கிறிஸ்தவர், துரூஸ் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். நூறு வருடங்களுக்கும் மேலாக அங்கே பாடம் நடத்தப் போன வெளிநாட்டவரை ஊர் தன் விருந்தாளிகளாகவே வைத்திருந்தது.

1975இல் லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. ஏழு வருடங்கள் ஷெல் விழுந்தபோதும் பல்கலைக்கழகத்தின் வேலை நிற்கவில்லை. வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு நிலைமை மாறியது 1982இல். அந்த ஜூனில் இஸ்ரேல் படையெடுத்து வந்தது. ஜூலைத் தொடக்கத்தில் நான்கு ஈரானியர்களை லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக் குழு ஒன்று சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டது. ஜூலை 19 அன்று பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவர் டேவிட் டாட்ஜ் வளாகத்துக்குள்ளேயே கடத்தப்பட்டார். ஈரானியர்களைப் பிடித்ததில் அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. கடத்தியவர்களுக்கோ ஓர் அமெரிக்கர் தேவைப்பட்டார், கைக்கு எட்டும் தூரத்தில் இவர் இருந்தார். தெஹ்ரான்வரை கொண்டுபோகப்பட்டு, ஒரு வருடம் கழித்து விடுதலையானார்.

அடுத்து தலைவராக வந்தவர் மால்கம் கெர். பெய்ரூட்டிலேயே 1931இல் பிறந்தவர். பெற்றோரும் அங்கே ஆசிரியர்கள். அரபு நாடுகளின் அரசியலைப் பற்றி அவர் எழுதிய புத்தகங்களை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். 1984 ஜனவரி 18 அன்று அவருடைய அலுவலகத்துக்கு வெளியே சுட்டுக் கொன்றார்கள். அப்போது அமெரிக்காவில் கல்லூரி மாணவனாக இருந்த அவர் மகன் ஸ்டீவ் கெர்ரை கூடைப்பந்து பார்க்கிறவர்கள் அறிவார்கள். இந்தக் கொலையை நான் ஏன் சொல்கிறேன் என்றால், "ஊரைத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை" என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. கெர் அளவுக்கு அந்த ஊரைத் தெரிந்த வெளிநாட்டவர் அதிகம் பேர் இல்லை.

இப்போது 1986 ஏப்ரல் மாதத்துக்கு வருவோம். தேதிகளைக் கவனியுங்கள். ஏப்ரல் 5 அன்று பெர்லினில் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்துபோகும் ஒரு டிஸ்கோவில் குண்டு வெடித்தது. லிபியாதான் காரணம் என்றது அமெரிக்கா. ஏப்ரல் 15 அன்று அமெரிக்க விமானங்கள் லிபியாவில் குண்டு போட்டன. தங்கள் வான்வெளியில் பறக்க பிரான்ஸ் அனுமதி மறுத்தது, பிரிட்டனோ தன் விமானத் தளங்களையே கொடுத்தது. ஏப்ரல் 17 அன்று பெய்ரூட்டுக்கு வெளியே மூன்று உடல்கள் கிடந்தன. ஒருவர் பல்கலைக்கழக நூலகர் பீட்டர் கில்பர்ன், அமெரிக்கர். 1984 முதல் பணயக்கைதியாக இருந்தவர். மற்ற இருவர் பிரிட்டிஷ் ஆசிரியர்கள். அரசியல் துறையில் பாடம் நடத்திய லீ டக்ளஸ், ஆங்கில மொழிப் பள்ளியை நடத்திய பிலிப் பேட்ஃபீல்ட். மார்ச் 28 அன்று கடத்தப்பட்டவர்கள்.

பெர்லினில் வெடித்தது, லிபியாவில் விழுந்தது, பெய்ரூட்டில் ஆசிரியர்கள் செத்தார்கள். எல்லாம் பன்னிரண்டு நாட்களுக்குள். அந்த இரண்டு வாரத்தில் பெய்ரூட் நிலவரத்தை மட்டும் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைத்திருக்காது. பிராந்தியப் பதற்றம் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். குண்டு விழும் இடம் ஒன்று, அதற்குக் கணக்குத் தீர்க்கும் இடம் வேறொன்று.

அதே மாதம் 11ஆம் தேதி பிரையன் கீனன் கடத்தப்பட்டார். பெல்ஃபாஸ்ட்காரர். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவரிடம் ஐரிஷ், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகள் இரண்டும் இருந்தன. நான்கு வருடங்களுக்கு மேல் சிறையிருந்து 1990 ஆகஸ்ட் 24 அன்று வெளியே வந்தார். அவரோடு நெடுங்காலம் ஒரே அறையில் அடைபட்டிருந்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் ஜான் மெக்கார்த்தி, ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பிடிபட்டவர். கீனன் எழுதிய சிறை நினைவுகளை இங்கே அயர்லாந்தில் படிக்காதவர்களும் அறிவார்கள். என் வார்டில் வயதான சிலர், அவர் டப்ளினில் வந்து இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததை இன்றும் சொல்வார்கள்.

1987 ஜனவரி 24 அன்று நடந்தது நம்மையும் தொடும். பெய்ரூட் பல்கலைக்கழகக் கல்லூரி என்று இன்னொரு நிறுவனம், இன்றைய லெபனான் அமெரிக்கப் பல்கலைக்கழகம். போலீஸ் உடையில் சிலர் வளாகத்துக்குள் வந்து, வெளிநாட்டு ஆசிரியர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று எல்லோரையும் கூட்டினார்கள். கூடியவர்களில் நான்கு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூவர் அமெரிக்கர்கள். நான்காவது ஆள் மிதிலேஷ்வர் சிங், வணிகவியல் பேராசிரியர், இந்தியர். அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றிருந்தவர். இருபது மாதம் கழித்து, 1988 அக்டோபரில் முதலில் விடுவிக்கப்பட்டவர் அவர்தான். கடைசி ஆளான ஆலன் ஸ்டீன் வெளியே வர 1991 டிசம்பர் ஆனது. ஒரே வளாகம், ஒரே நாள், ஒரே கடத்தல். ஆனாலும் எல்லாருடைய கணக்கும் ஒரே நேரத்தில் தீரவில்லை.

இந்தக் கடத்தலுக்குப் பிறகு லெபனான் போக அமெரிக்க பாஸ்போர்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்டது. பத்து வருடம் கழித்து 1997இல்தான் அதை நீக்கினார்கள்.

அப்படியானால் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்களா? இல்லை. லெபனான் ஆசிரியர்கள் நடத்தினார்கள். 1991 நவம்பரில் அதன் பழைய காலேஜ் ஹால் கட்டடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தபோதும் மறுபடி கட்டினார்கள். நாம் வெளிநாட்டவர் பத்துப் பதினைந்து பேரின் பெயரைச் சொல்கிறோம். அந்தப் போரில் காணாமல் போன லெபனான்காரர்கள் 17,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்காகப் பேச வெளிநாட்டுத் தூதரகம் எதுவும் இல்லை. இதை மறந்துவிட்டு வெளிநாட்டு ஆசிரியரின் பயத்தை மட்டும் பேசுவது நியாயமாகாது.

இரண்டாவது ஊர் குவைத். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை உள்ளே வந்தபோது அங்கே சுமார் 1,70,000 இந்தியர்கள் இருந்தார்கள். கூலி வேலைக்காரர்கள், கணக்கர்கள், நர்ஸ்கள், ஆசிரியர்கள் எல்லாரும் உண்டு. பிரிட்டிஷ், அமெரிக்கக் குடிமக்களை ஈராக் பிடித்து ராணுவ நிலைகளில் மனிதக் கேடயமாக வைத்தது. இந்தியர்களை அப்படிச் செய்யவில்லை. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாம் உசேனைச் சந்தித்தார். சதாம் அவரைக் கட்டித் தழுவிய படம் உலகம் முழுக்க விமர்சிக்கப்பட்டது. ஆனால் அந்தச் சந்திப்புக்குப் பின்னால் வழி திறந்தது. பாஸ்ரா, பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவன முகாம்களில் காத்திருந்து, அம்மானிலிருந்து ஏர் இந்தியாவில் ஊர் திரும்பினார்கள். 488 விமானப் பயணங்களில் 1,11,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

இங்கே பாஸ்போர்ட் உயிரைக் காப்பாற்றியது. மற்றதைக் காப்பாற்றவில்லை. குவைத் தினார் செல்லாக்காசானது. வங்கியில் போட்ட சேமிப்பு கைக்கு வரவில்லை. பாஸ்போர்ட்டே கையில் இல்லாதவர்கள் பலர், அது கஃபீலிடம் இருந்தது. கஃபீலோ நாட்டைவிட்டே போயிருந்தார். வளைகுடாவில் நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். எங்கள் அறையில் இருந்த மூத்த சிஸ்டர் ஒருவர் எல்லாருக்கும் சொல்லித் தருவார். ஒரு நகலை ஊரில் வீட்டில் வை, ஒரு நகலைத் தலையணை உறைக்குள் வை, தூதரக நம்பரை மனப்பாடம் செய். அது 1990 கற்றுக்கொடுத்த பாடம் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அதே குவைத்தில் மூன்றாவது ஒரு கூட்டம் இருந்தது. பாலஸ்தீனர்கள். 1936இலேயே பாலஸ்தீன ஆசிரியர்கள் குவைத்துக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார்கள். எண்ணெய்ப் பணம் பெருகுவதற்கு முன்பே வந்தவர்கள். குவைத்தின் பள்ளிகள் வளர்ந்ததில் அவர்கள் உழைப்பு பெரிது. நாவலாசிரியர் கசான் கனஃபானியும் 1950களில் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தவர். குவைத்துக்குள் நுழைவதற்காகத் தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து செத்துப்போகும் மூன்று பாலஸ்தீனர்களின் கதையான 'வெயிலில் மனிதர்கள்' குறுநாவலை அவர் 1963இல் வெளியிட்டார்.

1990இல் குவைத்தில் ஏறக்குறைய 4,00,000 பாலஸ்தீனர்கள் வாழ்ந்தார்கள். படையெடுப்பின்போது யாசர் அராஃபத் சதாம் பக்கம் சாய்ந்தார். குவைத்துக்குள் இருந்த பாலஸ்தீனர்களில் எத்தனையோ பேர் அதை ஏற்கவில்லை, குவைத்திகளுக்கு உதவியவர்களும் உண்டு. அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. விடுதலைக்குப் பிறகு அவர்களில் ஒரு சிறு பகுதியே அங்கே எஞ்சியது. முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தவருக்கும் ஒரே பதில்தான். இந்தியர்களுக்குத் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது, விமானம் அனுப்ப ஓர் அரசு இருந்தது. இவர்களில் பலருக்கு இரண்டும் இல்லை.

இந்த இரண்டு ஊர்களிலிருந்து எனக்குத் தெரிவது இது. ஆபத்து நிறைந்த நாடு, பாதுகாப்பான நாடு என்று பட்டியல் போட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும். 1990 ஜூலையில் குவைத் எந்தப் பட்டியலிலும் பாதுகாப்பான நாடுதான். வகுப்பறையில் ஒருவர் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்பதும் கணக்கில் வரவில்லை. மூன்று விஷயங்கள் கணக்கில் வந்தன. உங்கள் நாடு, அல்லது உங்கள் தலைவர், அந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்கிறார்? கதவு மூடினால் வெளியேற இன்னொரு வழி இருக்கிறதா? உங்கள் காகிதங்கள் யார் கையில் இருக்கின்றன?

இந்த மூன்றும் சரியாக இருந்தால் போதுமா என்றால், போதும் என்று சொல்ல மாட்டேன். 2014இல் ஈராக்கில் திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 இந்திய நர்ஸ்கள் ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கினார்கள். அதே ஜூன் மாதம் மோசூலில் அதே ஐ.எஸ். படையிடம் சிக்கிய இந்தியத் தொழிலாளர்களில் 39 பேர் கொல்லப்பட்டார்கள். அது உறுதியாகத் தெரிய 2018 வரை ஆனது. இரு கூட்டத்தாரிடமும் ஒரே பாஸ்போர்ட்தான் இருந்தது. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. அந்த 39 வீடுகளுக்காக ஜெபிக்கத்தான் முடியும்.

ஐ.சி.யூ.வில் புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நாங்கள் பயப்படாதே என்று சொல்வதில்லை. எந்த எண் எவ்வளவு இறங்கினால் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்போம். அளவு தெரிந்துவிட்டால் பயம் தானாக வேலையாக மாறிவிடும். வெளிநாடு போகும் ஆசிரியருக்கும் அதையே சொல்வேன். எது நடந்தால் கிளம்புவேன் என்பதைப் போவதற்கு முன்பே வீட்டாரோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். ஒருவர் மேல் பாசமும் சம்பளமும் பழக்கமும் சேர்ந்துவிட்ட பிறகு அந்தக் கோட்டை வரைவது கடினம். மெக்கார்த்தி கிளம்பியது கடைசி நாளில்.

போகலாமா என்று கேட்கிற பிள்ளைகளுக்கு ஒன்று கூடச் சேர்த்துச் சொல்கிறேன். பெய்ரூட்டில் சிறைப்பட்டிருந்தவர்களில் விவசாயத் துறையின் டீன் தாமஸ் சதர்லேண்டும் ஒருவர். ஆறு வருடங்களுக்கு மேல் அடைபட்டிருந்தவர். அந்த அறையில் தன்னோடு இருந்த பத்திரிகையாளர் டெரி ஆண்டர்சனுக்கு அவர் பிரெஞ்சு கற்றுக்கொடுத்தார். ஆசிரியர்கள் எங்கே போனாலும் தங்கள் வேலையைச் செய்துவிடுகிறார்கள். அதனால்தான் உலகம் அவர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போங்கள். பாஸ்போர்ட்டை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.