அலசும் நீரும் அலைக்கும் விரலும்

தொண்டை நாட்டு வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் வடித்த முறையைப் பெரும்பாணாற்றுப்படை படிப்படியாகச் சொல்கிறது. காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழிகாட்டும் நூல் அது. மேலை நாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் ஊறிய தானியத்தை வெந்நீரால் அலசும் முறையை இந்தக் கள் வடிப்பின் அருகில் வைத்தால் ஒற்றுமை வியப்பூட்டுகிறது.

பீர் காய்ச்சுபவர் முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார். வலைஞரோ அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, அதில் அடையைக் கலக்கிறார்கள். அந்த அடை இடித்த முளை என்பது உரை வழக்கு. முளைவிட்ட நெல் என்றால் அதுவும் மால்ட்தானே! மாவைச் சர்க்கரையாக்கும் வேலையை இரு இடத்திலும் முளையே செய்கிறது. வெந்நீரும் இரண்டிலும் வருகிறது.

அலசலில்தான் வழி பிரிகிறது. பீருக்கு முதலில் கலங்கலாக இறங்குவதை மறுபடி மேலேயே ஊற்றுகிறார்கள். தெளிந்த பிறகு, தானியப் படுகை கலையாதபடி கரண்டியின் முதுகில் விழுமாறு 75 டிகிரி நீரை மெல்ல விடுகிறார்கள். உமியே அங்கே வடிகட்டி. சூடு 77 டிகிரியைத் தாண்டினால் அதே உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். சக்கையைப் பிழியக் கூடாது என்பதும் அவர்களின் பழைய விதி. அரிசியில் உமி இல்லை. ஆகவே தானாக வடிகட்டும் படுகையும் இல்லை, உமித் துவர்ப்புக்கு அஞ்சவும் வேண்டியதில்லை. வலைஞர் விரலாலேயே அலைத்துப் பிழிகிறார்கள். அங்கே கை படக் கூடாது. இங்கே கையே கருவி.

காலமும் மாறுகிறது. பீரில் அலசல் நொதிப்புக்கு முன். வடிவது இனிப்பு நீர். கள்ளிலோ சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளைந்த பிறகே பிழிகிறார்கள், வருவது மதுவே.

முதல் வடிப்பில் வலுவான பீரும், அதே சக்கையை மறுபடி நனைத்து வடித்ததில் மெல்லிய பீரும் எடுப்பது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். தேங்காயில் முதல் பால், இரண்டாம் பால் பிழியும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தில் தமிழ் ஒரு படி மேலே போகிறது. அரித்ததால் அரியல், பிழிந்ததால் பிழி. இரண்டும் கள்ளின் பெயர்களே. ஊறியதும் புளித்ததும் அல்ல, சக்கையிலிருந்து பிரித்தெடுத்த அந்தக் கடைசிக் கைவேலைதான் இங்கே மதுவுக்குப் பெயராகியிருக்கிறது.