ஏழு பேர், இரண்டு பேர், ஒருவர்: சிறு கம்பெனி சட்டத்துக்குள் நுழைந்த கதை

19ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை இங்கிலாந்தில் கம்பெனி தொடங்குவது சாமானிய வியாபாரிக்கு எட்டாத காரியம். அரசரின் சாசனம் வாங்க வேண்டும். இல்லையேல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டும். கால்வாய் வெட்டியவர்களுக்கும் ரயில் பாதை போட்டவர்களுக்கும் அந்தச் செலவு கட்டுப்படியானது. மற்றவர்கள் கூட்டு வியாபாரத்தோடு நின்றார்கள். அதில் ஒரு கூட்டாளி கடையின் பேரில் பட்ட கடனுக்கு மற்றவர்களின் வீடும் நிலமும்கூட ஜப்திக்கு உள்ளாகும்.

1844இல் வந்த சட்டம் இந்த நிலையை மாற்றியது. பதிவாளரிடம் பத்திரங்களைத் தாக்கல் செய்தாலே கம்பெனி உருவாகிவிடும் என்றானது. ஆனால் முதலில் தற்காலிகப் பதிவு, பிறகு முழுப் பதிவு என்று இரண்டு படி ஏற வேண்டியிருந்தது. பங்குதாரரின் பொறுப்புக்கும் எல்லை இல்லை. அந்த எல்லையை 1855ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. அடுத்த ஆண்டே நடைமுறை இன்னும் எளிதாயிற்று: ஏழு பேர் மெமோரண்டம் என்ற அமைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும். 1862ஆம் ஆண்டுச் சட்டமும் அதே ஏழைத் தக்கவைத்தது. சட்டம் இயற்றியவர்களின் மனத்தில் இருந்தது ஊராரிடம் பணம் திரட்டும் பெரிய நிறுவனம். செருப்புக் கடைக்காரரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அவரை உள்ளே அழைத்து வந்தவர்கள் பத்திரம் எழுதிக் கொடுத்த வழக்கறிஞர்கள். ஏழு பேர் வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னதே தவிர, ஏழு பேரும் எவ்வளவு பங்கு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே மனைவி மக்களுக்குத் தலைக்கு ஒரு பங்கும், முதலாளிக்கு மீதி எல்லாப் பங்கும் எழுதினால் கணக்கு சரியாகிவிடும். பிரான்சிஸ் பாஃபோர்ட் பாமர் என்ற பாரிஸ்டர், நடத்திக்கொண்டிருக்கும் வியாபாரத்தைத் தனியார் கம்பெனியாக மாற்றும் வழியைக் கையேடாகவே எழுதினார். 1877இல் வெளிவந்த அவருடைய மாதிரிப் பத்திரத் தொகுப்பு வக்கீல் அலுவலகங்களில் கைக்குக் கை மாறியது. அச்சிட்ட படிவங்களை விற்று, பதிவு வேலையையும் முடித்துத் தரும் கடைகளும் லண்டனில் பெருகின.

இந்த ஏற்பாடு செல்லுமா என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது ஏரன் சாலமனின் வழக்கு. கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் பூட்ஸ் தயாரித்து வந்த அவர், 1892இல் தம் தொழிலைத் தாமே தொடங்கிய கம்பெனிக்குச் சுமார் 39,000 பவுண்டுக்கு விற்றார். வெளியிட்ட 20,007 பங்குகளில் அவருக்கு 20,001. மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. விலையில் ஒரு பகுதிக்காக 10,000 பவுண்டு கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். அடுத்த ஆண்டே வேலைநிறுத்தமும் வியாபார மந்தமும் சேர்ந்து கம்பெனியைக் கவிழ்த்தன. பிணையம் இல்லாமல் சரக்குக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. கம்பெனி வெறும் போர்வை, கடனைச் சாலமனே தீர்க்க வேண்டும் என்று கீழ்க்கோர்ட்டும் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் கூறின. 1896 நவம்பரில், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தலைகீழாக்கியது. சட்டப்படி பதிவான கம்பெனி வேறு, சாலமன் வேறு. மற்ற ஆறு பேரும் அவர் குடும்பத்தார் என்பதால் எதுவும் மாறிவிடாது என்றது தீர்ப்பு. கடன் கொடுத்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது கொடுமைதான். ஆனாலும் உலகின் பல நாடுகளில் சிறு கம்பெனி இன்றுவரை நிற்பது இந்தத் தீர்ப்பின் மேல்தான்.

நடைமுறையில் இருந்ததைச் சட்டம் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கம்பெனியைத் தனி இனமாக வரையறுத்தது: இரண்டு பேர் போதும், ஐம்பதைத் தாண்டக்கூடாது, பொதுமக்களிடம் பங்கு விற்கக்கூடாது.

இந்தியாவில் முதல் பதிவுச் சட்டம் 1850இல் வந்தது. கல்கத்தா, சென்னை, பம்பாய் சுப்ரீம் கோர்ட்டுகளே பதிவிடங்கள். வரையறுத்த பொறுப்பு 1857இல் கிடைத்தது; வங்கிகள் மட்டும் 1860 வரை காத்திருந்தன. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் 1906இல் தூத்துக்குடியின் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. அதை முன்னின்று உருவாக்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையே ஒரு வக்கீல். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம் ரூபாய். கம்பெனி என்றால் இப்படி ஊர்ப் பணம் திரட்டும் அமைப்பு என்பதே அன்றைய புரிதல். பலசரக்குக் கடையும் ஜவுளிக் கடையும் குடும்பச் சொத்தாகவோ கூட்டு வியாபாரமாகவோ நடந்தன. கூட்டு வியாபாரத்துக்கான விதிகள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்துக்குள் ஓர் அத்தியாயமாக இருந்து, 1932இல் தனிச் சட்டமாயின.

இங்கிலாந்தைப் பின்பற்றிய 1913ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தனியார் கம்பெனி இந்தியாவுக்கும் வந்தது. விதிகள் ஒழுங்காகப் பின்பற்றப்பட்டன என்று உயர் நீதிமன்றத்தில் வாதாடத் தகுதியுள்ள வக்கீலோ கம்பெனியின் இயக்குநரோ உறுதிமொழி தர வேண்டும் என்றது அச்சட்டம். 658 பிரிவுகள் கொண்ட 1956ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வரிசையில் சார்ட்டர்டு அக்கவுண்டன்டையும் சேர்த்தது. சிறு ஊர்களில் கம்பெனிப் பதிவு ஆடிட்டர் ஆபீஸ் வேலையானதற்கு இது ஒரு காரணம். வருமான வரிக் கணக்குக்காக எப்படியும் அவரைப் பார்க்கப் போகும் முதலாளி, மெமோரண்டத்தையும் ஆர்ட்டிகிள்ஸ் என்ற உள்விதிகளையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டார். 2000 டிசம்பரில் தனியார் கம்பெனிக்குக் குறைந்தபட்ச மூலதனம் ஒரு லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2015இல் அந்தத் தடையை எடுத்தார்கள்.

ஒற்றை ஆள் கம்பெனியைக் கம்பெனிச் சட்டம் பற்றிய ஜே.ஜே.இரானி குழு 2005இல் பரிந்துரைத்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. உறுப்பினர் இறந்தால் அவர் இடத்துக்கு வர வேண்டியவரின் பெயரையும் தொடக்கத்திலேயே, அவர் சம்மதத்தோடு, எழுதிவைக்க வேண்டும். கூட்டு வியாபாரத்தின் எளிமையையும் வரையறுத்த பொறுப்பையும் சேர்த்துத் தரும் எல்.எல்.பி. அமைப்புக்கு 2008இலேயே சட்டம் வந்திருந்தது. தாக்கல் இப்போது இணையப் படிவத்தில் நடக்கிறது. தொழில்முறை ஆலோசகரின் உறுதிமொழி மட்டும் போகவில்லை. 1913இல் வக்கீலோ இயக்குநரோ என்றிருந்தது, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருவருமே கையெழுத்திட வேண்டும் என்றாயிற்று. வக்கீல், சார்ட்டர்டு அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி ஆகியோரில் பதிவு வேலையில் ஈடுபட்ட ஒருவர் அதைத் தரலாம்.